பூட்டிய வீடுகளின் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பங்கு உள்ள அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம்.

சென்னை, கோவை, பெங்களூர், சிங்கப்பூர், கோலாலம்பூர், அமெரிக்கா என்று பல இடங்களில் இருக்கிறீர்கள். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கோயில் கும்பாபிஷேகத்துக்கும் ஊருக்கு வருகிறீர்கள். வந்த காரியம் முடிந்ததும் வீட்டைப் பூட்டி, சாவியைக் காவல்காரர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டு விடுகிறீர்கள். நான் இங்கேயே இருக்கிறவன். நகரத்தார் என்கிற செட்டியார் வீட்டுப் பிள்ளை இல்லை. உங்கள் வீட்டுக் கூரைகளில் ஏறி ஓடு மாற்றிய ஒருவரின் மகன். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன பாத்தியதை என்று நீங்கள் கேட்கலாம். வீடு உங்களுடையதுதான். அது நிற்கிற தெருவில் நாங்களும் குடியிருக்கிறோம், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வீட்டை விற்கக் கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கஷ்டம் வந்தால் விற்கத்தான் வேண்டியிருக்கும். நான் கேட்பது ஒன்றே ஒன்று: வீட்டைப் பூட்டிப் போடாதீர்கள். உள்ளே ஆள் குடியிருக்கட்டும். உங்களில் ஒருவர் வந்து இருந்தால் ரொம்ப சந்தோஷம். முடியாதென்றால் ஊரில் உள்ள ஒரு குடும்பத்தைக் குடிவையுங்கள். வாடகைக்கு விடுங்கள். படிக்கிற பிள்ளைகளைத் தங்க வையுங்கள். எப்படியோ, தினமும் அடுப்பு எரிகிற வீடாக அது இருக்க வேண்டும்.

பூட்டிய வீடு எப்படி விழுகிறது என்பது வெளியூரில் இருக்கிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. தெருவில் நின்று முகப்பைப் பார்த்தாலும் தெரியாது. முகப்புதான் கடைசியில் விழும். சேதம் கூரையில் தொடங்குகிறது. பூனையோ குரங்கோ ஓடும்போது நாட்டு ஓடு ஒன்று நகரும். ஓடுகளை இரண்டு மூன்று அடுக்காக மேய்ந்திருப்பதால் அந்த வருஷம் ஒழுகாது, அடியில் இருக்கிற ஓடு தாங்கிக்கொள்ளும். அதற்குள் வேப்பிலையும் புளிய இலையும் வந்து கூடல்வாயில் அடையும். வீட்டின் நடுவில் திறந்த முற்றமாக இருக்கிற வளவைச் சுற்றியுள்ள கூரைச் சரிவுகள் ஒன்றோடொன்று சேருகிற மூலை அது. மழை நாளில் மொத்தக் கூரையிலும் தண்ணீர் அதிகமாக ஓடுகிற இடம். அங்கே இலை அடைத்தால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் ஓட்டுக்கு அடியில் புகும். ஐப்பசி, கார்த்திகை முழுக்க அங்கே உள்ள மரச்சட்டம் ஈரத்திலேயே கிடக்கும். தூணுக்கும் கதவுக்கும் பர்மாத் தேக்கு போட்ட வீட்டில்கூட ஓட்டைத் தாங்குகிற சின்னச் சட்டங்கள் எல்லாமே தேக்காக இருப்பதில்லை. அவை உளுத்துப்போகும். ஈரம் தேடிக் கரையான் வரும். சுவரின் தலையில் தண்ணீர் இறங்கினால் சுண்ணாம்புக் காரை உள்ளுக்குள்ளேயே பொடிந்து உதிரும். பறவை எச்சத்தில் வந்து விழுந்த அரச விதை அந்த ஈரத்தில் முளைத்து வேரை இறக்கும். இவ்வளவும் நடக்கிற வரைக்கும் முகப்பில் இருக்கிற கஜலட்சுமி சிரித்துக்கொண்டுதான் இருப்பாள்.

ஆள் இருக்கிற வீட்டில் முதல் சொட்டு விழுந்த ராத்திரியே தெரிந்துவிடும். கீழே ஒரு பாத்திரத்தை வைப்பார்கள், மழை விட்டதும் ஆளைக் கூப்பிடுவார்கள். ஓர் ஏணி, கொஞ்சம் ஓடு, அரை நாள் வேலை. அவ்வளவுதான் செலவு. பூட்டிய வீட்டில் அதே சொட்டு யாருக்கும் தெரியாமல் வருஷக்கணக்கில் விழும். ஒரு படைப்புக்கு நீங்கள் வந்து திறக்கும்போது முன்கூடமான பட்டாலையின் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். கொத்தனார் லட்சக்கணக்கில் எஸ்டிமேட் சொல்வார். இவ்வளவு பணத்தை யார் போடுவது என்று பங்காளிகள் கூடிப் பேசுவீர்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். மரம் வாங்குகிறவர்கள் அந்த வாரமே வந்து கதவைத் தட்டுவார்கள்.

காவல்காரர் இருக்கிறாரே என்பீர்கள். அவரைக் குறை சொல்லி எழுத எனக்கு மனம் வராது. பல தெருக்களில் வயதான ஒருவர்தான் மூன்று நான்கு வீடுகளுக்குக் காவல். திண்ணையில் படுத்துக்கொள்வார், வாசல் கூட்டுவார், சாமி அறைக்கு விளக்கேற்றுவார். ஓடு மாற்றுவதற்குப் பணம் எடுத்துச் செலவழிக்க அவருக்கு யாரும் உத்தரவு கொடுத்திருக்க மாட்டார்கள். உள் அறைகளுக்கு ஒவ்வொரு பங்காளியும் தனித்தனிப் பூட்டுப் போட்டிருப்பீர்கள், அந்தச் சாவிகள் ஊர் ஊராகக் கிடக்கும். பூட்டிய அறைக்குள் ஒழுகினால் அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இந்த வீடுகள் எப்படி வாழ்வதற்காகக் கட்டப்பட்டவை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இளைய பங்காளிகளுக்காக ஒரு வார்த்தை. ரங்கூன், மோல்மேன், சைகோன், பினாங்கு, கொழும்பு என்று கடல் கடந்து, கடன் கொடுக்கும் கடை வைத்தவர்கள் உங்கள் ஐயாக்கள். ஒரு கணக்குக்கு, அதாவது ஒரு தவணைக்கு, போனால் திரும்பி வர மூன்று வருஷம் ஆகும். அந்த மூன்று வருஷமும் இந்த வீட்டை, இந்த ஊரை, வரவு செலவைப் பார்த்துக்கொண்டவர்கள் ஆச்சிமார். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி அறை ஒதுக்கினார்கள். கூட்டுக் குடும்பம் என்றாலும் வேறு வைத்து, தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஒரே கூரைக்குக் கீழே பல குடும்பங்கள் தனித்தனியாகவும் சேர்ந்தும் இருப்பதற்காகத் திட்டம் போட்டுக் கட்டிய வீடு இது. ஒரு குடும்பத்தின் பெருமைக்காக மட்டும் கட்டியது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். பெருமை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாற்பது ஐம்பது பேர் நெருக்கடியில்லாமல் குடியிருக்கும் ஏற்பாடுதான் அதன் அஸ்திவாரம்.

அந்த வாழ்க்கை ஏன் முடிந்தது என்பதும் தெரிந்த கதை. 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நகரத்தார் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. கொடுத்த கடன் பணமாகத் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்ததில் 1937-க்குள் அது நூற்றுக்கு 25 ஆனது. 1942-ல் ஜப்பான் படை வந்தது, கால்நடையாகவும் கப்பலிலும் ஓடி வந்தார்கள். சுதந்திர பர்மாவில் நிலமும் போயிற்று, 1960-களில் மிச்சமிருந்த தொழிலும் போயிற்று. வெளிநாட்டு வருமானத்தை நம்பி நின்ற வீடுகள் ஒரே தலைமுறையில் வருமானம் இல்லாத வீடுகளாயின. பிள்ளைகள் படித்து வெளியே போனார்கள். அதில் தப்பு என்ன இருக்கிறது? பிழைப்பைத் தேடிப் போவது செட்டிநாட்டுக்குப் புதிய பழக்கமும் இல்லை. அன்று போனவர்களுக்குத் திரும்பி வர ஒரு வீடு ஆளோடு இருந்தது. இன்று போனவர்களின் வீட்டில் ஆள் இல்லை. நான் கவலைப்படுவது இந்த வித்தியாசத்தை நினைத்துத்தான்.

ஆள் இல்லாமல் போனது வீட்டுக்குள் மட்டும் நின்றுவிடவில்லை. செட்டிநாட்டு ஊர்களை மேலிருந்து பார்த்தால் நேர் தெருக்கள் தெரியும். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று வீடுகள் நீளமாகப் போகும். வானம் பார்த்த பூமி இது, பக்கத்தில் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. அதனால் பெய்கிற மழையை விடாமல் பிடிக்கிற ஊராகவே கட்டினார்கள். கூரையில் விழுந்த தண்ணீர் வளவில் இறங்கும், அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வரும், தெருவிலிருந்து ஊருணிக்குப் போகும். குடிக்க ஓர் ஊருணி, குளிக்க ஒன்று என்று பிரித்து வைத்திருந்த ஊர்கள் உண்டு. ஒரு வீட்டில் ஆள் இல்லாமல் வாய்க்கால் அடைத்தால், அந்த வரிசையில் பல வீடுகளின் தண்ணீர் தெருவில் தேங்கும். பத்து வீடு பூட்டினால் ஊருணிக்கு வரத்து குறையும். வரத்து இல்லாத ஊருணியில் முதலில் குப்பை விழும், அப்புறம் அதற்குப் பட்டா கேட்டு ஆள் வரும். இப்போது நாங்கள் குடிதண்ணீர் கேன் வாங்கிக் குடிக்கிறோம்.

இதில் அரசாங்கத்தின் பங்கும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. பழைய தார் ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுத் தெருவை உயர்த்திவிட்டார்கள். முகப்புப் படிகள் ரோட்டுக்குள் போய்விட்ட வீடுகளை எந்த ஊரிலும் காட்டலாம். வெளியே போக வேண்டிய மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது. பழைய மேற்பரப்பை எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு அனுப்பியிருக்கிறார். ஆனால் ரோடு போட ஆள் வரும் நாளில் அதைச் சொல்லித் தடுக்க வீட்டுக்காரர் ஒருவர் வாசலில் நிற்க வேண்டுமே! காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. இனி ரோடும் கட்டடமும் இன்னும் வேகமாக வரும். குடியில்லாத தெருக்களுக்காக யார் போய்க் கேட்பார்கள்?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். கதவு, நிலை, சூரியப் பலகை, தூண், பெட்டகம், மங்குச் சாமான், பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம் எல்லாம் அங்கே விலைக்கு நிற்கின்றன. அந்தக் கடைக்காரர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. இடித்த வீட்டின் சாமானை அவர்கள் வாங்காவிட்டால் அது விறகாகப் போயிருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்தத் தெருவை ரசிக்கிறார்கள், எனக்கு அங்கே பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடிவதில்லை. ஒரு தூணைப் பார்த்ததுமே அது எந்த ஊர்த் தூண், எந்தத் தெருவில் நின்றது என்று மனம் தேடத் தொடங்கிவிடும். நம் வீட்டுத் தூண் பெங்களூரில் ஒரு ஓட்டல் வாசலில் நிற்பதால் அது பிழைத்துக்கொண்டது என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். தூண் பிழைத்திருக்கலாம், அது தாங்கிய வளவு போய்விட்டது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பொறுப்பாகச் செய்த வேலை அது. ஆனால் அங்கே போய்ப் பார்க்கும் நம் பேரப்பிள்ளைகள், அந்த வீட்டுக்குப் பின்னால் ஊருணி எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

சரி, சுற்றுலா இருக்கிறதே, அது காப்பாற்றாதா? கொஞ்சம் காப்பாற்றும். ஓட்டலாக மாறிய வீடுகள் ஒழுகுவதில்லை. அங்கே ஊர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கிறது, செட்டிநாட்டுச் சமையலைப் பரிமாறுகிறார்கள். இடிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது. கானாடுகாத்தானில் 1912-ல் எழும்பிய அரண்மனையைப் பார்க்கவும், காரைக்குடியில் 1941-ல் கட்டிய ஆயிரம் ஜன்னல் வீட்டின் வாசலில் படம் எடுக்கவும் உலகமெல்லாம் இருந்து வருகிறார்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறியதோடு நிற்கிறது. ஆனால் எத்தனை வீட்டை ஓட்டலாக்க முடியும்? 96 ஊர் என்று சொன்ன காலம் போய், இன்று 70-க்கும் சற்று மேற்பட்ட ஊர்கள், அவற்றில் ஆயிரக்கணக்கான வீடுகள். இவ்வளவுக்கும் விருந்தாளி எங்கிருந்து வருவார்? அப்படியே வந்தாலும், தெரு முழுக்க விருந்தாளிகளும் பரிமாறுகிறவர்களுமாக இருக்கிற இடத்தை நான் ஊர் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஓடி வருகிற தெருதான் எனக்கு ஊர்.

செட்டிநாட்டின் அழகு அதன் பழமையில் இருக்கிறது என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்த வீடுகள் கட்டிய காலத்தில் நாட்டிலேயே புதுமையானவை. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், ஜப்பானிலிருந்து பூ ஓடு, ஐரோப்பாவிலிருந்து சரவிளக்கு. அத்தனையும் வந்து இறங்கியது மழை பிடிக்கும் வளவும் சாமி அறையும் உள்ள தமிழ் வீட்டில். வெளிநாட்டுப் பூ ஓட்டைப் பார்த்துவிட்டு ஆத்தங்குடியில் நம் ஆட்கள் கண்ணாடித் தகட்டின் மேல் சாயச் சிமெண்டை ஊற்றி, உள்ளூர் மணலைப் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து ஒரு தரைக்கல்லைச் செய்தார்கள். இன்று அதைத்தான் பாரம்பரியம் என்கிறோம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-ல் சிதம்பரம் செட்டியார் தொடங்கியபோது சென்னையிலும் ரங்கூனிலும் காரைக்குடியிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். அந்தக் காரைக்குடி ஒரு பழங்காலப் பொருட்காட்சியா? அன்றைய நாளோடு ஒட்டி ஓடிய ஊர் அது. புதியதை வாங்கி உள்ளே வைத்து, அதோடு வாழ்ந்து, நம்முடையதாக ஆக்கிக்கொள்வதுதான் இந்த ஊர்களின் சுபாவம். அதனால் வளவில் வைஃபை வந்தால் எனக்கு வருத்தமில்லை. இரண்டாங்கட்டில் குளியலறை கட்டினாலும், கூரையில் சோலார் தகடு வைத்தாலும் வருத்தமில்லை. ஆள் குடியிருக்க அவையெல்லாம் வேண்டும். கட்டியவர்கள் உயிரோடு இருந்தால் முதல் ஆளாகப் போட்டிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு மூச்சு விடுகிற பூச்சு. சுவரில் ஏறிய ஈரம் அதன் வழியாக வெளியே போகும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைந்து சுவரைத் தின்னும், இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சும் பாளமாக விழும். செட்டிநாட்டுப் பூச்சு தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலை இல்லாததால் அவர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போகிறார்கள். ஓட்டல்காரர் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய வேலை கொடுப்பார். அதை வைத்து ஒரு தொழில் பிழைக்காது. குடியிருக்கும் வீடுகள் வருஷா வருஷம் கொடுக்கிற சின்னச் சின்ன வேலைதான் கொத்தனாரையும் ஆசாரியையும் ஓடு மாற்றுகிறவரையும் ஊரில் வைத்திருக்கும். என் அப்பா அப்படிப்பட்ட வேலையில்தான் எங்களை வளர்த்தார். ஆடி பிறந்துவிட்டால் அவருக்கு ஒரு நாள் ஓய்வு இருக்காது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆள் வைப்பது என்றால் எப்படி?

உங்கள் வீட்டின் அமைப்பிலேயே அதற்கு வழி இருக்கிறது. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, பட்டாலை, வளவு, சாமி அறை எல்லாம் முன்பக்கம். அடுப்படி, கிணறு, சாமான் அறைகள் உள்ள கடைசிக் கட்டுக்குப் பின் தெருவில் தனி வாசல் இருக்கிறது. இடையில் ஒரு கதவை அடைத்தால் அது தனி வீடு. முன்கட்டை உங்கள் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பின்கட்டில் ஒரு குடும்பம் இருக்கட்டும். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற சத்தமும் அடுப்புப் புகையும் இருந்தால் கரையானுக்கும் வௌவாலுக்கும் திருடனுக்கும் வீடு கொஞ்சம் பயம் காட்டும். ஒழுகினால் அன்றே உங்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் வரும். வாடகை குறைவாக இருந்தாலும் போதும், அதை ஓடு மாற்றவே ஒதுக்குங்கள். அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கும் படிக்கவும் வேலை செய்யவும் வருகிறவர்கள் காரைக்குடியில் தீப்பெட்டி போன்ற அறைகளுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கோட்டையூரிலும் பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் அறைகள் வெறுமனே கிடக்கின்றன.

குடிவைத்தவர் காலி பண்ணாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் உங்களில் பலருக்கு உண்டு என்று தெரியும். அந்தக் காலத்து வாடகைச் சட்டம் அந்தப் பயத்தை விதைத்தது. இப்போது தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிந்துகொள்ள வேண்டும். காலம், வாடகை, எந்தக் கட்டு, எந்தக் கிணறு என்று எல்லாவற்றையும் அதில் எழுதிவிடலாம். வாய்ப்பேச்சில் விட்டால்தான் வம்பு.

அதைவிடப் பெரிய தடை பங்காளிகளுக்குள் இருக்கிறது. நான்கு தலைமுறையில் ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்கு. யாரிடமும் கேட்காமல் ஓர் ஆணி அடிக்க முடியாது, எல்லாரிடமும் கேட்டு முடிப்பதற்குள் கூரை விழுந்துவிடும். ஒரே ஒருவருக்கு, ஊரில் அல்லது பக்கத்தில் இருக்கிற ஒருவருக்கு, பவர் எழுதிக் கொடுங்கள். விற்கிற அதிகாரம் வேண்டாம். பழுது பார்க்க, வாடகைக்கு விட, கணக்கு வைக்க மட்டும் கொடுங்கள். ஒரு பொதுக் கணக்கில் ஒவ்வொரு புள்ளியும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும், வருஷத்துக்கு ஒரு தொகை போடுங்கள். கோயிலுக்குப் புள்ளி வரி கொடுத்துப் பழகிய சமூகம் நீங்கள். நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் அந்த ஏற்பாட்டில்தானே இத்தனை தலைமுறை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்? இளையாத்தங்குடியும் மாத்தூரும் பிள்ளையார்பட்டியும் ஒழுகுவதில்லை. பங்கு பலபேருக்கு இருந்தால் சொத்து அழிந்துதான் போகும் என்பது பொய் என்பதற்கு நீங்களே சாட்சி.

ஆச்சிமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீடு ஆண்பிள்ளைகளுக்கு, சீர் பெண்பிள்ளைகளுக்கு என்பது வழக்கமாக இருந்தது. சட்டம் இப்போது அப்படி இல்லை. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் திருத்தம் வந்து, பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று ஆகிவிட்டது. பங்கு வந்த பிறகும் பல வீடுகளின் பேச்சுவார்த்தையில் பெண்களைக் கூப்பிடுவதில்லை, கையெழுத்துக்கு மட்டும் தாளை நீட்டுகிறார்கள். ஆண்கள் கடல் கடந்து போன காலத்தில் இந்த வீடுகளை நடத்தியவர்கள் பெண்கள்தான். எந்த அறையில் எப்போது ஒழுகும், எந்தப் பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. பவர் ஒரு பெண் பங்காளியின் பெயரில் இருந்தால் வேலை நடக்கும் என்று நான் நம்புகிறேன்.

பெட்டகம் என்றதும் காகிதங்கள் நினைவுக்கு வருகின்றன. பூட்டிய அறைகளில் ரங்கூன் கடைப் பேரேடுகளும் கடிதங்களும் முறைச்சிட்டைகளும் ஏடுகளும் கல்யாணச் சாமான் பட்டியல்களும் கிடக்கின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒருவராக இருந்து ஆயிரக்கணக்கான தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் நோட்டீசுகளையும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பு இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. உலகம் முழுவதிலும் இருந்து வந்து படிக்கிறார்கள். கோட்டையூரை விட்டு அது போனதில் எனக்கு ஆதங்கம் உண்டு, ஆனால் போனதால் பிழைத்தது. உங்கள் வீட்டுக் காகிதத்தைக் கரையான் தின்பதற்கு முன்னால் யாராவது படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். போன தலைமுறையில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பது வெளியே வந்துவிடும் என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எண்பது வருஷத்துக் கணக்கில் இனி யாருக்கு வெட்கம்?

வீட்டை ஊராருக்குத் திறந்துவிட உங்களில் யாரும் துணிய மாட்டீர்கள் என்று என்னிடம் சிலர் சொன்னார்கள். அழகப்பச் செட்டியார் பிறந்த மண் இது என்று அவர்களுக்கு நினைவு படுத்தினேன். 1947-ல் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். தான் குடியிருந்த வீட்டையே பெண்கள் படிக்கக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அந்த வீட்டில் படித்த பெண்களின் பேத்திகள் எனக்கு மாணவிகளாக இருந்திருக்கிறார்கள். உங்களிடம் அவ்வளவு கேட்கவில்லை. பின்கட்டைக் கேட்கிறேன்.

இந்த வருஷம் ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு தடவை கூரையில் ஆள் ஏற்றிக் கூடல்வாயை மட்டுமாவது சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதற்கு எல்லாப் பங்காளியின் கையெழுத்தும் வேண்டாம், ஒருவர் ஃபோன் செய்தால் போதும். அடுத்த படைப்பில் சாப்பாடு முடிந்து எல்லாரும் பட்டாலையில் உட்கார்ந்திருக்கும்போது பவர் விஷயத்தையும் பின்கட்டு விஷயத்தையும் எடுத்துப் பேசுங்கள். தனித்தனிப் பூட்டின் சாவிகளையும் அன்றைக்கு மறக்காமல் கொண்டு வந்து, ஒவ்வோர் அறையாகத் திறந்து பாருங்கள். ஓடு மாற்ற, சுண்ணாம்பு பூச, குடிவைக்க நல்ல ஆட்கள் வேண்டும் என்றால் ஊரில் யாரிடம் கேட்டாலும் காட்டுவார்கள். என்னிடம் கேட்டாலும் நானே கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் தெருவில் இருக்கிற ஒருவன்